ஏழாம் படுக்கையின் ஐந்து ஏஜென்ட்டுகள்

ஒரு காட்டில், ஓடைக்கு இந்தப் பக்கம், முப்பது படுக்கையுள்ள ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. டாக்டர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் எப்போதும் லீவில் இருப்பார்கள். மூன்றாமவர் டீன் கொழுந்துவேல். காட்டெருமை. அவர் நடந்தால் வராந்தா அதிரும் என்பதால் ரவுண்ட்ஸ் வருவது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்துவிடும். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள், எழுந்து உட்கார முடியாதவர்கள்கூட.

அந்த ஆஸ்பத்திரியை உண்மையில் நடத்தியது அஞ்சலை சிஸ்டர் என்ற தேவாங்கு. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் சொல்வோமே, அதே தேவாங்குதான். கைகால் ஈர்க்குச்சி. நடை மெதுவோ மெது. ஆனால் முகத்தில் பாதி கண். வார்டின் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் கழுத்தை முழுவட்டமாகத் திருப்பி முப்பது படுக்கையையும் பார்த்துவிடுவாள். யாருக்கு உதடு வெளுக்கிறது, யார் மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கிறார்கள், யார் வலியைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். பார்த்ததும் இறங்கிப் போவாள். மெதுவாகத்தான் போவாள். எங்கே போக வேண்டும் என்று தெரிந்து போவதால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். பெரிய குறை ஒன்று இருந்தது. இதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே மலைக்கு அந்தப் பக்கமிருந்து சம்பத் என்ற இருவாச்சி பறந்து வந்தது. கம்பெனி ரெப். கழுத்தில் டை. அலகுக்கு மேலே இன்னொரு அலகு வைத்ததுபோல் இருக்கும் அந்த மூக்கைத் தூக்கிப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவருக்குத் தான் ஏதோ தவறு செய்துவிட்டது போலவே இருக்கும்.

"சார், ஒவ்வொரு படுக்கைக்கும் அஞ்சு ஏஜென்ட்," என்றது சம்பத், டீனோடு வார்டில் நடந்தபடி. இருவரும் ஏழாம் படுக்கைக்கு அருகில் நின்றார்கள்.

ஏழாம் படுக்கையில் மாரப்பன் என்ற ஆமை படுத்திருந்தான். பலாமரத்தடியில் அசந்து தூங்கியவன் முதுகில் பலாப்பழம் விழுந்து ஓட்டில் விரிசல் விட்டுவிட்டது. விரிசலுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் அவன் மனைவி செல்லாயி.

"ஏஜென்ட்னா, வீடு தேடி வந்து பாலிசி எடு, பாலிசி எடுன்னு உயிரை வாங்குவாங்களே, அவங்களா?" என்று கேட்டாள் செல்லாயி.

"இல்லம்மா. இவங்க உயிரைக் காப்பாத்துற ஏஜென்ட். ஆளே கிடையாது, எல்லாம் சாப்ட்வேர். நாடியை ஒருத்தர் பார்ப்பார், மூச்சை ஒருத்தர், சூட்டை ஒருத்தர், மருந்தை ஒருத்தர். அஞ்சாவது ஒருங்கிணைப்பாளர். நாலு பேரையும் கலந்து பேச வைச்சு முடிவெடுப்பார். பெட்டி வழியா பேசுவாங்க, நீங்களே கேட்கலாம்."

"அஞ்சலை சிஸ்டர் ஒருத்தரே இதையெல்லாம் பார்க்கிறாரே," என்றான் மாரப்பன்.

சம்பத் சிரித்தது. "அதுதான் ஆபத்து. ஒருத்தர் பார்த்தா தப்பு நடக்கலாம். அஞ்சு பேர் கூடிப் பேசினா தப்பே நடக்காது."

வாழ்நாள் முழுக்கக் கமிட்டிகளில் உட்கார்ந்து எழுந்த டீனுக்கு இந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போனது. அடுத்த திங்கட்கிழமையே திறப்பு விழா. நாடாவைக் கொம்பால் கிழித்தார். ஒரு துண்டு கொம்பிலேயே மாட்டிக்கொண்டு மாலைவரை தொங்கியது. சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் முதல் வார்டில் ஒரே கூச்சல்.

ஏஜென்ட்டுகளுக்கு அளவு சொல்லிக் கொடுத்தவர்கள் புள்ளிமானை வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மாரப்பனைப் பார்த்ததும் நாடி ஏஜென்ட் அலறியது: "நிமிடத்துக்குப் பன்னிரண்டு துடிப்பு! போய்க்கொண்டிருக்கிறார்!" சூட்டு ஏஜென்ட், "உடம்பு சில்லிட்டுவிட்டது!" என்றது. பதினாறாம் படுக்கை வௌவால் தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்க, "நோயாளி தலைகுப்புற விழுந்துவிட்டார்!" என்று ஐந்து பெட்டிகளும் சேர்ந்து கத்தின. மூன்றாம் படுக்கை முள்ளம்பன்றியின் உடம்பில் ஒயர் ஒட்டவே இல்லை. ஆகவே அவர் வந்து சேரவே இல்லை என்று பதிவானது.

அஞ்சலை ஏழுக்கு ஓடினாள். ஓடினாள் என்றால், அவள் ஓடுகிற மாதிரி. பாதி தூரம் போவதற்குள் பதினாறில் அலாரம். திரும்பினாள். அதற்குள் இருபத்திரண்டு. நான்கு நாளில் ஸ்டூலில் ஒரு தடவைகூட உட்காரவில்லை, யாரையும் முழுசாக ஒரு தடவைகூடப் பார்க்கவும் இல்லை.

ஐந்தாம் நாள் டீன் அறைக்குப் போனாள்.

"சார், ஆமை ஆமையாத்தான் இருக்காரு. பெட்டிதான் அவரை மான்னு நினைச்சுக்கிட்டுக் கத்துது."

"சாப்ட்வேர் நினைக்காதும்மா, கணக்கிடும்," என்றார் டீன். ஆனால் கூச்சலில் அவருக்கும் மதியத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. சம்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

சம்பத் வந்து, பெட்டிகளைத் திறந்து, அரைமணி நேரத்தில் மூடியது. "சார், இப்போ இவங்க தானா கத்துக்குவாங்க. ஒவ்வொரு நோயாளியோட சுபாவத்தையும் புரிஞ்சுக்குவாங்க. அதோட, இனிமே யாரும் தன்னிச்சையா கத்த முடியாது. அஞ்சுல மூணு பேர் ஒத்துக்கிட்டாத்தான் அலாரம். வீணா கத்தினவங்களுக்கு மதிப்பெண் குறையும். ஒத்துப் போனவங்களுக்கு மதிப்பெண் கூடும்."

ஏஜென்ட்டுகள் கெட்டிக்காரர்கள். உடனே கற்றுக்கொண்டார்கள். அபாயம் என்று சொன்னால் இன்னும் இரண்டு பேரிடம் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும், ஒருங்கிணைப்பாளரின் பதினொரு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், கடைசியில் மதிப்பெண்ணும் குறையும். சீராக உள்ளது என்று சொன்னால் ஒன்றும் இல்லை. ஒரே வாரத்தில் பெட்டிகளின் பேச்சு மாறிவிட்டது.

"தங்கள் கருத்து என்ன?"

"தங்கள் கருத்து எதுவோ அதுவே."

"அப்படியானால் சீராக உள்ளது."

வார்டு அமைதியானது. கேட்டவர்களுக்கெல்லாம் டீன் அந்த அமைதியைச் சுற்றிக் காட்டினார். பிறகு ஒரு உத்தரவு போட்டார். பார்க்கிற வேலையை ஏஜென்ட்டுகள் ஏற்றுக்கொண்டதால் சிஸ்டர் இனி நோயாளிகளைப் பார்க்க வேண்டியதில்லை; வராந்தாக் கடைசியில் உள்ள அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால் போதும். ஸ்டூலை எடுத்துப் பார்வையாளர்களின் செருப்பு வைக்கப் போட்டார்கள்.

திரையில் முப்பது பச்சைப் புள்ளிகள். அஞ்சலை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளிக்கு உதடு கிடையாது, வெளுப்பதற்கு.

நாற்பதாவது நாள், காலை பதினொரு மணி. செல்லாயி வீட்டிலிருந்து பழுத்த கொய்யா கொண்டுவந்திருந்தாள். மாரப்பனுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு நாள்தான். பசி திரும்பியிருந்தது. பேச்சு வாக்கில் ஒரு பெரிய துண்டைக் கடிக்காமல் உள்ளே தள்ளினான். அது தொண்டையில் போய் உட்கார்ந்துவிட்டது.

கழுத்தை நீட்டினான். அவ்வளவு நீளக் கழுத்து அவனுக்கு இருக்கிறதென்று செல்லாயிக்கே அன்றுதான் தெரியும். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. முன்னங்கால்கள் படுக்கையைப் பிறாண்டின.

"ஏங்க! ஏங்க, என்ன பண்ணுது?" செல்லாயி பெட்டியை ஓங்கித் தட்டினாள். "ஏய், பாருங்களேன் இங்க! அஞ்சு பேர் இருக்கீங்களே!"

பெட்டிகள் கலந்து பேசத் தொடங்கின.

"நாடி பன்னிரண்டிலிருந்து ஏழாகிவிட்டது," என்றது நாடி ஏஜென்ட். "ஆனால் நோயாளி ஆமை. போன தடவை இதற்காகக் கத்தி மதிப்பெண் இழந்தவன் நான்."

"மூச்சு வரவில்லை," என்றது மூச்சு ஏஜென்ட். "ஆனால் ஆமை தண்ணீருக்குள் வெகுநேரம் மூச்சை அடக்கும்."

"இப்போது தண்ணீருக்குள் இருக்கிறாரா?" என்று கேட்டது மருந்து ஏஜென்ட்.

"அது என் பிரிவில் வராது."

"சூடு சீராக உள்ளது," என்றது சூட்டு ஏஜென்ட். "இவ்வளவு சீராக நான் பார்த்ததே இல்லை."

"உறவினர் ஒருவர் பெட்டியை அடிக்கிறார்," என்றது ஒருங்கிணைப்பாளர். "அது நோயாளியின் அளவீடு அல்ல. வேறு யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா? இல்லை. ஒருமனதாக முடிவு செய்யப்படுகிறது: நோயாளி ஓய்வில் இருக்கிறார்."

திரையில் ஏழாம் புள்ளி பச்சையாகவே இருந்தது. ஆனால் செல்லாயியின் குரல் வராந்தாக் கடைசிவரை கேட்டது. அஞ்சலை பச்சைப் புள்ளியை ஒரு தடவை பார்த்தாள். எழுந்தாள். திரையை விட்டு நகர்ந்தால் விளக்கம் கேட்பார்கள் என்று சுவரில் எழுதியிருந்தது. அதைக் கடந்து நடந்தாள். வராந்தா நீளம். தன் கால்களை அவள் அவ்வளவு திட்டியதில்லை. சுவரைப் பிடித்து, ஜன்னல் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படுக்கையின் காலாகப் பிடித்து ஏழுக்கு வந்தாள்.

மாரப்பனின் கண் மேலே சொருகியிருந்தது. அஞ்சலை எதுவும் கேட்கவில்லை.

"அக்கா, தாடையைப் பிடிங்க. ரெண்டு கையாலயும். விட்டுடாதீங்க."

"கடிச்சிட்டாருன்னா உன் கை துண்டாயிடும், சிஸ்டர்!"

"அதான் பிடிக்கச் சொல்றேன்."

செல்லாயி மேல்தாடையை ஒரு முன்னங்காலாலும் கீழ்த்தாடையை இன்னொரு முன்னங்காலாலும் பிரித்துப் பிடித்தாள். அஞ்சலை ஈர்க்குச்சிக் கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு போனது, முழங்கை போனது. "அண்ணே, கொஞ்சம் பொறுத்துக்குங்க, அண்ணே," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். விரல் நுனியில் கொய்யா வழுக்கியது. மறுபடி வழுக்கியது. மூன்றாம் தடவை நகத்தில் சிக்கியது. இழுத்தாள். துண்டு வெளியே வந்து விழ, மாரப்பன் மூச்சை இழுத்த சத்தத்தில் பதினாறாம் படுக்கை வௌவால் தான் தொங்கிய கொடியிலிருந்து நழுவிவிட்டது.

இந்தப் போராட்டத்தில் மாரப்பன் உடம்பிலிருந்த ஒயர் ஒன்று கழன்றுவிட்டது.

உடனே ஐந்து பெட்டிகளும் ஒரே குரலில் கத்தின. "அபாயம்! ஒயர் கழன்றுவிட்டது! அபாயம்!" வராந்தா அதிர டீன் ஓடி வந்தார்.

மூன்றாம் நாள் விசாரணை. டீன் தலைமை. நிபுணராக சம்பத். சாட்சிகளாக ஐந்து பெட்டிகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். கொய்யாத் துண்டு ஒரு தட்டில், எண் கட்டப்பட்டு இருந்தது.

"சிஸ்டர், நோயாளிக்கு மூச்சுத் திணறுதுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணினீங்க?" என்று கேட்டார் டீன்.

"பார்த்தேன், சார்."

"எதை வச்சு?"

"கண்ணை வச்சு."

குறிப்பெழுதிய அணில் கிளார்க் பேனாவை நிறுத்தியது. கருவியின் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அதற்குத் தெரியவில்லை. கருவி ஏதும் இல்லை என்று எழுதியது.

சம்பத் மூக்கைத் தூக்கியது. "சார், அஞ்சு ஏஜென்ட்டும் நோயாளி ஓய்வில் இருந்ததா சொல்றாங்க. சிஸ்டர் ஒருத்தர் மட்டும் வேற சொல்றார். அஞ்சுக்கு ஒண்ணு. ஓய்வில் இருந்த நோயாளியின் வாய்க்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டிருக்கார். இதை என்னன்னு சொல்றது?"

"அப்போ அந்தக் கொய்யா?" என்று கத்தினாள் செல்லாயி.

"கொய்யா சாப்பிடுறது நோய் இல்லையேம்மா," என்றது சம்பத்.

கடைசியில் மாரப்பன் முன் ஒரு தாளை வைத்தார்கள். 'மேற்படி தேதியில் எனக்கு மூச்சுத் திணறல் ஏதும் ஏற்படவில்லை. நான் ஓய்வில் இருந்தேன்.' கையெழுத்துப் போட்டால்தான் டிஸ்சார்ஜ்.

"போடாதீங்க," என்றாள் செல்லாயி. "செத்துப் பொழைச்சிருக்கீங்க. அதை நீங்களே இல்லன்னு சொல்வீங்களா?"

மாரப்பன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான். உள்ளேயிருந்து, "சிஸ்டர், நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான்.

அஞ்சலை தன் கையைப் பார்த்தாள். முழங்கையில் தாடை உரசிய தடம் ஆறிக்கொண்டிருந்தது. "போட்டுடுங்கண்ணே," என்றாள். "மூச்சு உங்ககிட்ட இருக்கு. பேப்பர் அவங்ககிட்ட இருந்துட்டுப் போகட்டும்."

மாரப்பன் கையெழுத்துப் போட்டான். செல்லாயி போகும்போது டீனைப் பார்க்கவில்லை, அஞ்சலையின் கையை மட்டும் தொட்டுவிட்டுப் போனாள். அஞ்சலையைப் பஞ்சு அறைக்கு மாற்றினார்கள். காயத்துக்கு வைக்கும் பஞ்சை உருட்டி உருட்டி மூட்டை கட்டும் வேலை. முதல் நாள் பழக்கத்தில் அவள் கழுத்து முழுவட்டமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பஞ்சு.

நூறாவது நாள் விழா எடுத்தார்கள். ஒயர் கழன்றதைச் சேர்க்காமல், ஏறக்குறைய மூன்று மாதமாக ஒரு அலாரம்கூட இல்லை என்று பானர் கட்டினார்கள். அந்த நாட்களில் வார்டில் மூன்று பேர் இறந்துபோனது உண்மைதான். மூவரும் சீரான நிலையில் இறந்தார்கள்.

நண்பகல் வெயிலில் டீன் மேடையேறிப் பேசினார். "இன்று நம் ஆஸ்பத்திரியில் நூற்றைம்பது ஏஜென்ட்டுகள் இமைக்காமல்..." என்று சொல்லும்போது நெஞ்சில் யாரோ காலை வைத்து மிதித்ததுபோல் இருந்தது. இமைக்காமல் என்பதை இரண்டு தடவை சொன்னார். உட்கார்ந்துவிட்டார். வேர்வை கொம்பின் அடியிலிருந்து வழிந்தது.

சம்பத் பறந்து வந்து காதருகே குனிந்தது. அதன் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அதனால் முடியவில்லை. "சார், ஒண்ணாம் படுக்கை காலியா இருக்கு. உங்களையே நம்ம அஞ்சு ஏஜென்ட்டும் பார்த்துக்கிட்டா, இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்குமா, சார்?"

"வேண்டாம்," என்றார் டீன்.

"அஞ்சு போதலைன்னா பத்துப் பேரைக்கூடப் போடலாம் சார்."

டீன் சம்பத்தின் டையைப் பிடித்து இழுத்தார். "யோவ், அஞ்சலை எங்கேய்யா? பஞ்சு ரூம்ல இருப்பா. கூட்டிட்டு வா. வார்டு வழியா வேண்டாம், பின்வாசல் வழியா."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் டீனுக்கு ஒரு குவார்ட்டர்ஸ் இருந்தது. அங்கே ஒயர் இல்லை, பெட்டி இல்லை. அஞ்சலை மெதுவாக வந்தாள். ரோமத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவ்வளவு பெரிய உடம்பு தரையில் சரிந்து கிடந்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"அம்மா," என்றார் டீன். "கொஞ்சம் பார்த்துக்கிட்டே இரு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போயிடாதே."

"பேசாதீங்க சார்."

லீவில் இருந்த இரண்டு டாக்டர்களில் ஒருவரை ஆள் விட்டு வரவழைத்தாள். மருந்து வாங்கிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் பிற்பகல், டீன் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய காது மடலின் நுனி லேசாக நீலம் பாய்வதைப் பார்த்தாள். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. டாக்டரை மறுபடி இழுத்து வந்தாள். கால்மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் அவர். பதினெட்டு நாள் ஸ்டூல்கூட இல்லாமல் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பதாம் நாள் டீன் எழுந்து நடந்தார். வராந்தா பழையபடி அதிர்ந்தது.

இனி பெட்டிகள் எல்லாம் ஓடையில்தான் மிதக்கும் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். அஞ்சலைக்கும் மனதில் கொஞ்சம் ஆசை இருந்தது. செருப்பு வைக்கும் இடத்துக்குப் போய்த் தன் ஸ்டூலை எடுத்துத் துடைத்து வைத்தாள். சம்பத் மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு டீன் அறை வாசலில் நின்றது.

"வாய்யா," என்றார் டீன். "ஏன் நிக்கிறே? பக்கத்துக் காட்டு ஆஸ்பத்திரிகளும் பெட்டி கேட்டு எழுதியிருக்காங்க. நான் சிபாரிசு பண்ணியிருக்கேன். உன் விளம்பரத்துக்கும் ரெண்டு வரி எழுதி வச்சிருக்கேன், எடுத்துக்கோ."

மறுவாரம் அந்த இரண்டு வரி போஸ்டராக எல்லா மரத்திலும் ஒட்டப்பட்டது. டீனின் சிரித்த முகம். கீழே: 'இடைவிடாத கண்காணிப்பால்தான் நான் இன்று உயிரோடு இருக்கிறேன்.' அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. யாருடைய கண்காணிப்பு என்று அவர் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அஞ்சலைக்கு வந்த உத்தரவில் அவளைப் பஞ்சு அறையிலிருந்து விடுவித்து, டீன் குவார்ட்டர்ஸில் நிரந்தரமாக நியமித்திருந்தார்கள். அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீனிடம் போனாள்.

"சார், என்னை வார்டுக்கே போடுங்க. அங்க முப்பது பேர் படுத்திருக்காங்க."

டீன் அவளை வாஞ்சையோடு பார்த்தார். உயிரைக் காப்பாற்றியவள் அல்லவா.

"அவங்களுக்கு ஆளுக்கு அஞ்சு ஏஜென்ட் இருக்காங்கம்மா," என்றார். "எனக்கு நீ ஒருத்திதானே இருக்கே."

நீதி: ஊருக்கெல்லாம் இயந்திரம் வாங்குகிறவர், தனக்கென்று ஒரு நல்ல நர்ஸை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கிடைக்க மாட்டார்.